பத்துக்கு மூன்று

சிவமயம்
காஞ்சிபுரம்
29-7-2024

அன்புள்ள மச்சான் சிவபாலனுக்கு மாமா நமச்சிவாயம் எழுதுவது.

இங்கு நான், உன் அக்கா கமலாட்சி, வாலாஜாபாத்தில் மகள் காயத்ரி, மருமகன் எல்லோரும் சௌக்கியம். ஷார்ஜாவில் நீயும் புவனேஸ்வரியும் எப்படி இருக்கிறீர்கள்? அங்கே வெயில் அம்பதைத் தொடுகிறதாமே, வெளியே அலையாதே.

போன் இருக்கும்போது இந்த ஆளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன். நான் பேசினால், தறியில் எனக்கு வலப்பக்கம் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கும் உன் அக்கா காதில் விழாமல் போகாது. வாட்ஸ்அப்பில் எழுதினால் முதலில் படிப்பதே அவள்தான். இது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

எனக்கு ஒரு சின்ன கேமரா வேண்டும். பழைய கேமரா வாங்கி விற்கிற கடையில் நீ வேலை செய்வதால் உன்னைக் கேட்கிறேன். என்னுடைய பெரிய கேமரா லென்சோடு சேர்த்து ஒன்றேகால் கிலோ, கழுத்து வலிக்கிறது. புதிது முந்நூறு கிராமுக்கு மேல் போகக் கூடாது. சென்சார் பெரிதாக இருக்க வேண்டும். ஜூம் தேவையில்லை. ஷட்டர் வேகத்தை நானே வைக்கும்படி இருக்க வேண்டும். கடைசியாகச் சொல்வதுதான் முக்கியம். கை ஆடினாலும் படம் ஆடாமல் பிடித்துக் கொடுக்க ஒரு வசதி வைக்கிறார்களே, அது அதில் இருக்கவே கூடாது.

பதிலை வீட்டுக்குப் போட்டுவிடாதே. நம் தெருமுனை ஜெபகுமார் ஸ்டுடியோவுக்குப் போடு. என் படங்களைப் பிரிண்ட் போட்டுத் தருகிறவன் அவன்தான், வாயைத் திறக்க மாட்டான்.

புவனேஸ்வரிக்கு என் ஆசி.

அன்புடன்,
நமச்சிவாயம்

ஷார்ஜா
18-8-2024

அன்புள்ள மாமாவுக்கு சிவபாலனின் வணக்கம்.

நாங்கள் இருவரும் நலம். உங்கள் கழுத்து வலி தேவலையா? அக்காவுக்குப் பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போகிறதா?

கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன், சிரிப்பு வந்துவிட்டது. இங்கே வருகிறவன் எல்லாம் முதலில் கேட்பதே அந்த வசதியைத்தான். அது இல்லாமல் கொடு என்று கேட்ட ஒரே மனிதர் நீங்கள். சாம்பார் வேண்டும், பருப்பு மட்டும் போடாதே என்கிற மாதிரி இருக்கிறது.

மூன்று எடுத்து வைத்தேன். முதலாவது ரொம்ப அழகு, கண்ணை வைத்துப் பார்க்கத் தனி ஜன்னல் உண்டு, ஆனால் அரைக் கிலோ. இரண்டாவது சட்டைப் பையில் போகும், ஆனால் ஜூம் லென்ஸ், சென்சாரும் சிறியது. மூன்றாவதுதான் உங்களுக்கு என்று வைத்த மாதிரி இருக்கிறது. இருநூற்றைம்பது கிராம், பெரிய கேமராவில் இருக்கிற அதே அளவு சென்சார், ஒரே லென்ஸ், ஒரு கையாலேயே எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாம். அதில் அந்த வசதி இருக்கிறது, மாமா. இருந்தால் என்ன? விடியற்காலையில் கைலாசநாதர் கோயிலில் வெளிச்சம் வருவதற்குள் போய் நிற்பவர் நீங்கள். உங்களுக்கு அது வரம். வேண்டாம் என்றால் மெனுவில் அணைத்துவிடலாம்.

இன்னொன்று. உங்கள் எழுத்து கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும். இந்தக் கடிதத்தில் வரி போகப் போக எறும்பாகச் சிறுத்துவிட்டது. காகிதத்தை மிச்சம் பிடிக்கிறீர்களா?

அக்காவை விசாரித்ததாகச் சொல்ல முடியாது, ரகசியம் ஆயிற்றே. நீங்களே மனதுக்குள் விசாரித்துவிடுங்கள்.

உங்கள்,
சிவபாலன்

சிவமயம்
காஞ்சிபுரம்
4-9-2024

அன்புள்ள மச்சான் சிவபாலனுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

எழுத்து எறும்பு என்றாயே, அதனால் இதை ஜெபகுமாரின் கம்ப்யூட்டரில் தட்டி எடுத்திருக்கிறேன். இனி இப்படித்தான்.

மூன்றாவது கேமராவைப் பற்றி நீ எழுதியதை நாலு தரம் படித்தேன். எல்லாம் பொருந்துகிறது, அந்த ஒன்றைத் தவிர. மெனுவில் அணைத்துவிடலாம் என்று சொல்லாதே. மெனுவில் இருந்தால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் கை அங்கே போய்விடும். அது அறவே இல்லாத மாடல் இருக்கிறதா, பார். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, கீறல் இருந்தாலும் பரவாயில்லை. தீபாவளிக்குள் வேண்டும்.

காரணம் கேட்காதே.

புவனேஸ்வரியைக் கேட்டதாகச் சொல்லவும்.

நமச்சிவாயம்

காஞ்சிபுரம்
6-9-2024

அன்புத் தம்பி சிவபாலனுக்கு அக்கா கமலாட்சி எழுதிக்கொள்வது.

நான் நலம். நீங்கள் இருவரும் நன்றாக இருக்க ஏகாம்பரநாதரை வேண்டிக்கொள்கிறேன். புவனா உடம்பு தேறினாளா?

கேமராப் பையைத் தூசி தட்டும்போது உன் கடிதம் கிடைத்தது. படித்தது தப்புதான். என்னிடம் மறைக்கிற அளவுக்கு என்ன என்று பதறிப்போய்ப் படித்துவிட்டேன்.

அவர் கை ஆடுகிறது, சிவபாலா. வலக்கை. மாசி மாதத்திலிருந்து. சும்மா மடியில் வைத்திருந்தால் அதிகம் ஆடுகிறது, அதனால் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்காருகிறார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கோர்வைத் தறியில் முப்பது வருஷமாக ஊடைநூலைச் சுமந்து அவர் விடுகிற நாடா என் கைக்கு வந்துதான் கரையோடு கோக்கிறது. அது ஒரு மூச்சு தாமதமாக வந்தால்கூட எனக்குத் தெரியாதா?

காலையில் அவர் படம் எடுக்கக் கோயிலுக்குப் போனதும் முந்தின நாள் நெய்ததைப் பார்ப்பேன். கரையும் உடலும் சேருகிற இடத்தில் வரிசை தப்பியிருக்கும். பிரித்து நானே நெய்து வைத்துவிடுவேன். அவர் வந்து பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். கவனிக்கவில்லை போலிருக்கிறது.

தறிகூட எனக்குப் பெரிதில்லை. கோயிலிலிருந்து வந்து அந்தக் கலங்கின படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறார். பாதி தட்டு அப்படியே போகிறது.

நீ எழுதியிருந்தாயே, கை ஆடினாலும் படம் ஆடாத மூன்றாவது கேமரா, அதையே அனுப்பு. அந்த வசதி இதில் இல்லை என்று சொல்லி அனுப்பு. பத்துப் படம் தெளிவாக வந்தால் பயம் போகும். பயம் போனால் கையும் கொஞ்சம் அடங்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். எனக்குத் தெரியும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிவிடாதே, உடைந்துபோவார்.

பதிலைப் பக்கத்து வீட்டு இந்திராணி பெயருக்குப் போடு.

உன் அக்கா,
கமலாட்சி

ஷார்ஜா
24-9-2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம், புவனா தேறிவிட்டாள். நீ நலமா என்று கேட்க இப்போது பயமாக இருக்கிறது.

உன் கடிதமும் மாமாவின் கடிதமும் ஒரே நாளில் வந்தன. ஒரே வீட்டிலிருந்து இரண்டு ரகசியம், பதில் போட ஒரே தெருவில் இரண்டு முகவரி. எழுத்து சிறுத்துவிட்டது என்று நான் கிண்டல் வேறு செய்தேன். அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அக்கா, முதலில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. இங்கே எங்கள் மேனேஜருக்கு இப்படித்தான் ஆரம்பித்தது, சீக்கிரம் போனதால் மாத்திரையில் நிற்கிறது. படம் தெளிவாக வந்தால் கை சரியாகிவிடும் என்பதெல்லாம் எனக்குப் புரியவில்லை. மாமாவுக்குக் கேமரா விஷயத்தில் நான் இதுவரை பொய் சொன்னதில்லை. நான் இந்த வேலைக்கு வந்ததே அவர் கேமராவைச் சின்ன வயதில் தொட்டுப் பார்த்ததால்தான்.

ஆனால் அவர் சாப்பிடுவதில்லை என்று நீ எழுதிய பிறகு எனக்கும் சோறு இறங்கவில்லை. நீ சொன்னபடி செய்கிறேன். அவர் கொஞ்சம் தேறியதும் நீயே உட்கார்ந்து பேசிவிடு, சரியா?

மாத்திரையை மறக்காதே.

தம்பி,
சிவபாலன்

சிவமயம்
காஞ்சிபுரம்
9-10-2024

அன்புள்ள மச்சான் சிவபாலனுக்கு,

இங்கு நலம். அங்கும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

காரணம் கேட்காதே என்று எழுதினேன். ஒரு மாதமாகப் பதிலே இல்லை. கோபமா? சரி, சொல்லிவிடுகிறேன். ஜெபகுமாரைத் தேநீர் குடிக்க அனுப்பிவிட்டு நானே ஒற்றை விரலால் தட்டுகிறேன்.

எனக்கு வலக்கை ஆடுகிறது. எவ்வளவு என்று அளந்து பார்க்கத்தான் படம் எடுக்கிறேன். கைலாசநாதர் கோயில் சுற்றுச்சுவர் ஓரம் வரிசையாகச் சின்னச் சின்ன சந்நிதிகள் இருக்குமே, அதில் ஒரு தூணில் உள்ள சிங்கம். தினமும் அதே சிங்கம், அதே இடம், ஷட்டர் வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு, பத்துப் படம். மாசியில் ஏழு தெளிவாக வந்தது. சித்திரையில் ஐந்து. இப்போது இரண்டு. பத்துக்கு மூன்று வருகிற வரையில் தறியில் உட்காருவது, அதற்கும் கீழே போனால் எழுந்து டாக்டரிடம் போவது என்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

இரண்டு வந்ததும் சந்தேகம் வந்தது. ஒன்றேகால் கிலோவைத் தூக்கினால் யார் கையும் ஆடாதா? ஆடுவது எடையாலா, கையாலா? அதனால்தான் எடையில்லாத கேமரா கேட்டேன். அது எனக்கு உதவி செய்யவும் கூடாது. செய்தால் அளவு பொய்.

பட்டுக்கடை அப்பாதுரை தை மாதக் கல்யாணத்துக்கு ஒரு கோர்வைப் புடவை கேட்டிருக்கிறார். பெரிய கரை. நடுவில் தப்பினால் முழுப் புடவையும் போச்சு, ஒரு பெண்ணின் முகூர்த்தம் நம்மால் கெடும். தீபாவளிக்குள் ஆம், இல்லை என்று சொல்ல வேண்டும். அதற்குள் எனக்கு உண்மை தெரிய வேண்டும், சிவபாலா.

உன் அக்காவிடம் மூச்சு விடாதே. பிரஷர்காரி, தாங்க மாட்டாள்.

நமச்சிவாயம்

ஷார்ஜா
22-10-2024

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். கோபம் எல்லாம் இல்லை, தேடிக்கொண்டிருந்தேன்.

நம் ஐயம்பேட்டை பாண்டியன் தீபாவளிக்கு ஊருக்கு வருகிறான். அவன் கையில் இந்தக் கடிதத்தையும் கேமராவையும் கொடுத்திருக்கிறேன். மூன்றாவதன் முந்தைய மாடல். நீங்கள் கேட்டபடியே. அந்த வசதி இதில் இல்லை. கேமராவோடு வரும் விளக்கப் புத்தகம் கிடைக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எதுவாக இருந்தாலும் டாக்டரைப் பார்ப்பது நல்லது.

தீபாவளி வாழ்த்துகள்.

சிவபாலன்

காஞ்சிபுரம்
25-11-2024

அன்புத் தம்பி சிவபாலனுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்கள் நலம்தானே?

கேமரா வந்த மறுநாள் கோயிலிலிருந்து வந்தவர் என்னைக் கூப்பிட்டு அவராகவே படங்களைக் காட்டினார். சிங்கத்தின் பல்லை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. பத்தில் ஒன்பது என்றார். அன்றைக்கு இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டார். உன்னை வாயார வாழ்த்தினேன்.

இப்போது வாழ்த்த முடியவில்லை. அப்பாதுரையின் கல்யாணப் புடவைக்கு ஒத்துக்கொண்டுவிட்டார். தறியில் பாவு நூல் பூட்டியாகிவிட்டது. இந்திராணியின் அண்ணன் நரம்பு டாக்டரிடம் போனதை நான் ஜாடையாகச் சொன்னபோது, கையை ஆட்டிக் காட்டி, "எனக்கு இன்னா கொறச்சல், கல்லு மாதிரி கீறேன்" என்றார். ஆட்டிய கை நிற்கவில்லை.

முன்பு ஒரு நாளைக்கு ஒரு இடம் பிரிப்பேன். இப்போது மூன்று, நான்கு. நேற்று நாடா நழுவிப் பாவில் பதினோரு இழை அறுந்தது. என்னைப் பார்க்காமல் எழுந்துபோய் முகம் கழுவினார். இழைகளை நான்தான் முடிந்தேன்.

அவர் சாப்பிட வேண்டும் என்றுதான் கேட்டேன். அந்தப் படங்களை நம்பி இப்படித் துணிவார் என்று நினைக்கவில்லை. டாக்டரிடம் போக வேண்டிய நாளெல்லாம் போய்க்கொண்டிருக்கிறது. நீயே உண்மையைச் சொல்லிவிடு. பொய் சொல்ல வைத்தவள் நான், ஆனால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அக்கா,
கமலாட்சி

ஷார்ஜா
9-12-2024

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் அக்காவும் நலமாக இருக்க வேண்டும். இதைப் படித்த பிறகும்.

நான் அனுப்பிய கேமராவில் அந்த வசதி இருக்கிறது. மெனுவில் நான்காவது பக்கத்தில் கையின் படம் போட்ட வரி அதுதான். அது வேலை செய்யும்படி வைத்துத்தான் அனுப்பினேன். புத்தகம் கிடைக்கவில்லை என்றதும் பொய். என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

உங்களுக்கு வந்த ஒன்பது உங்கள் கையுடையது அல்ல, மாமா. நீங்கள் அளவுகோல் கேட்டீர்கள், நான் அளவைத் திருத்தி அனுப்பினேன். நீங்கள் பயப்படக் கூடாது என்று நானாக நினைத்துச் செய்தது. அக்காவுக்கு இதில் எதுவும் தெரியாது.

அதை அணைத்துவிட்டுப் பத்துப் படம் எடுத்துப் பாருங்கள். பிறகு என்னைத் திட்டி எழுதுங்கள். திட்டாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

சிவபாலன்

ஷார்ஜா
12-1-2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? ஒரு மாதம் ஆகிறது. போன் செய்தால் அக்கா எடுத்து, எல்லோரும் நல்லா இருக்கோம் என்கிறாள். போனை உங்களிடம் கொடுக்கச் சொன்னால், தறியில் இருக்கிறார் என்கிறாள். தறிச் சத்தம் கேட்கவில்லை.

ஒரு வரியாவது எழுதுங்கள். பொங்கல் வாழ்த்துகள்.

சிவபாலன்

சிவமயம்
காஞ்சிபுரம்
30-1-2025

அன்புள்ள மச்சான் சிவபாலனுக்கு மாமா நமச்சிவாயம் எழுதுவது.

இங்கு எல்லோரும் இருக்கிறோம். நீயும் புவனேஸ்வரியும் சௌக்கியமாக இருக்க ஆசி. இதைக் கையால்தான் எழுதுகிறேன். எறும்புதான். கண்ணாடி போட்டுக்கொண்டு படி. நாலு நாளாக எழுதுகிறேன், அதனால் மை மாறி மாறி இருக்கும்.

உன் மேல் கோபம் இல்லை. உன் கேமராவைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்றைக்கே மெனுவைப் பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டேன். இருபத்தைந்து வருஷமாகக் கேமரா பிடிக்கிறவனுக்குப் புத்தகம் எதற்கு? நான்காவது பக்கத்தில் கையின் படம் இருந்தது. மறுநாள் அணைத்துவிட்டுச் சிங்கத்தை எடுத்தேன். எடை இருநூற்றைம்பது கிராம். பத்துக்கு ஒன்றும் இல்லை. ஆடியது என் கைதான் என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

தறியை விட்டு எழுந்துவிடுவேன் என்று உனக்கு வீராப்பாக எழுதினேன் அல்லவா? எழ முடியவில்லை. அதே இடத்தில் நின்று அந்த வசதியைப் போட்டுக்கொண்டு இன்னொரு பத்து எடுத்தேன். அந்த ஒன்பதைத்தான் உன் அக்காவிடம் காட்டினேன். நீ சொன்ன பொய்யை நான் ஏமாந்து நம்பவில்லை, தெரிந்தே நம்பினேன். அப்பாதுரைக்கு ஆம் சொன்னதும் அந்தத் துணிச்சலில்தான். அது நான் செய்த தப்பு, உன்னுடையது அல்ல.

அக்காவுக்கு எதுவும் தெரியாது என்று எழுதினாயே, அதைப் படித்துச் சிரித்தேன். நான் விட்ட பிழை மறுநாள் காலையில் இருக்காது. வருஷம் முழுக்க அப்படி. யார் வந்து பிரித்துவிட்டுப் போவார்கள்? எனக்கு எதுவும் தெரியாது என்று அவள் நினைத்தாள், அவள் பிரிப்பது எனக்குத் தெரியாத மாதிரி நான் இருந்தேன். வாயைத் திறந்தால் தறியை விட்டு எழ வேண்டும். அவ்வளவுதான் காரணம்.

உண்மையைச் சொல்லி நீ எழுதிய கடிதம் வந்த அன்று ஸ்டுடியோவிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தேன். அவள் தறியில் இருந்தாள். அந்த வசதியை அணைத்துவிட்டு அவளையே பத்துப் படம் எடுத்தேன். அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கேமராவை அவள் கையில் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றில்கூட அவள் முகம் முகமாக இல்லை. பத்தாவது வரைக்கும் பார்த்துவிட்டுக் கேமராவைக் கீழே வைத்தாள்.

"எத்தினி நாளா தெரியும் உங்களுக்கு?" என்றாள்.

"நீ பிரிக்க ஆரம்பிச்ச நாள்லருந்து" என்றேன்.

கொஞ்ச நேரம் அழுதாள். நானும் அழுதேன், அதை எழுதுவதில் என்ன வெட்கம். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து என் பக்கம் வந்து நின்றாள். "நீங்க அந்தாண்ட போங்க. இங்க நான் குந்துறேன்."

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக இடம் மாறி உட்கார்ந்தோம். நாடாவை அவள் விடுகிறாள், கரைப் பக்கம் நான் வாங்குகிறேன். ரொம்ப மெதுவாகத்தான் போகிறது. அதனால்தான் நீ போன் செய்தபோது சத்தம் கேட்கவில்லை. அப்பாதுரையிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். கமலாட்சி நெய்வதாக இருந்தால் சரி, முகூர்த்தம் தை கடைசியில்தான், அதுவரை எடுத்துக்கொள் என்றார். புடவையை நெய்து முடித்து நேற்று தறியிலிருந்து அறுத்தாயிற்று. பிழை இல்லை. அவளே மூன்று தரம் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

சென்னையில் நரம்பு டாக்டரைப் பார்த்தோம். மாத்திரை கொடுத்திருக்கிறார். முழுதாகப் போகாது, அடக்கி வைக்கலாம் என்றார். ஒரு பெயரும் சொன்னார். அதை எழுத இன்னும் எனக்கு மனம் வரவில்லை. முன்பே வந்திருக்கலாமே என்றும் கேட்டார்.

இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். புடவையை அறுப்பதற்கு முன் உன் அக்கா எடுத்தது, கரைப் பக்கம் உட்கார்ந்திருக்கும் என்னை. ஷட்டர் பதினைந்தில் ஒன்று, அந்த வசதி போட்டபடியே இருந்தது. பாவில் இழையை எண்ணலாம். என் மூக்குக்கண்ணாடியில் ஜன்னல் தெரிகிறது. மடியில் இருக்கும் வலக்கை மட்டும் கலங்கியிருக்கிறது. பிடிக்கிற கையின் ஆட்டத்தைத்தான் அந்த வசதி நிறுத்தும், எதிரே ஆடுகிறதை எந்தக் கேமராவும் நிறுத்தாது. இது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அவளுக்குத்தான் புதிது.

ஜெபகுமார் அந்தக் கையை வெட்டிவிட்டு மார்பு வரைக்கும் பிரிண்ட் போட்டுத் தருகிறேன் என்றான். உன் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "அதுவும் அவுரு கைதானே, இருக்கட்டும்பா" என்று சொல்லிவிட்டாள். ஒன்று கூடத்தில் மாட்டியிருக்கிறது, ஒன்று உனக்கு. பின்பக்கம் தேதி போட்டிருக்கிறேன்.

இனி கடிதத்தை வீட்டு முகவரிக்கே போடு. இந்திராணியும் ஜெபகுமாரும் தபால் வாங்கி வாங்கி அலுத்துவிட்டார்கள்.

புவனேஸ்வரிக்கு எங்கள் இருவரின் அன்பு.

உன் மாமா,
நமச்சிவாயம்